மூடாத டிஸ்க்

மருமகள் டிவிடி ரெக்கார்டரின் மேல்மூடியைக் கழற்றிவிட்டு, உள்ளேயிருந்த லென்ஸைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாமனார் டார்ச் லைட்டோடு நின்றார். விழ வேண்டிய இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் வெளிச்சம் விழுந்தது.

"மாமா, கை ஆடுது."

"கை ஆடலம்மா. லைட்டு ஆடுது."

ஆள் அப்படித்தான். துறைமுகத்தில் காலமெல்லாம் கிரேன் ஓட்டியவர். தன் கை ஆடும் என்று செத்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

உள் அறையில் மாமியார் படுத்திருந்தார். காலையில் வந்த டாக்டர் செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னிக்குத் தாண்டுறது கஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் மாமனார் பீரோவைத் திறந்து ஒரு டிஸ்க்கை எடுத்துவந்து மருமகளின் கையில் வைத்தார்.

"மூடிடும்மா," என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதை மூடுவது பற்றி அந்த வீட்டில் வருஷக்கணக்காகச் சண்டை. ரெக்கார்டரில் பதிந்த டிஸ்க்கைக் கடைசியில் ஃபைனலைஸ் செய்து மூடியாக வேண்டும். அதுவரை அது பதிந்த மெஷினுக்கு மட்டும்தான் கட்டுப்படும். வேறு எந்தப் பிளேயரில் போட்டாலும் காலி டிஸ்க் என்று கையை விரித்துவிடும். மகன் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தான். "இன்னும் இடம் இருக்குடா. மூடிட்டா அப்புறம் ஒண்ணும் பதிய முடியாது" என்பார் மாமனார். என்னத்தைப் பதியப் போகிறார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் அழுதுவிடுவாரோ என்று பயம்.

அதில் மாமியாரின் குரல் இருந்தது. தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரல் போவதற்கு முன்னால், மகனின் பிறந்தநாள் ஒன்றில், கேமராவும் கையுமாக வழியை மறித்துக்கொண்டு நின்ற புருஷனை அவர் வாங்கு வாங்கென்று வாங்கியது அப்படியே பதிவாகியிருக்கிறதாம். மருமகள் அந்த வீட்டுக்கு வந்தது ஆபரேஷனுக்குப் பிறகு. மாமியாரின் முறைப்பு அவளுக்குத் தெரியும், கைஜாடை தெரியும், கரண்டியால் கதவைத் தட்டிக் கூப்பிடுவது தெரியும். குரல் தெரியாது. ஒரு தடவையாவது அந்த வாயால் திட்டு வாங்க வேண்டும் என்று அவளுக்கு ரொம்ப நாளாக ஆசை.

இப்போது மெஷினும் ஓய்ந்துவிட்டது. மெனு வருகிறது, படம் வந்த மாத்திரத்தில் உறைந்துவிடுகிறது. எப்படியாவது மூடிவிட்டால், உள் அறையிலிருக்கும் சின்னப் பிளேயரில் போடலாம்.

"அவ குரல அவளே ஒரு தடவ கேக்கட்டும்மா. அதுக்குள்ள போயிடக் கூடாது."

ரிப்பேர் கடைக்காரர் போனில் விலாவாரியாகச் சொன்னார். "லென்ஸத் தொடச்சுட்டு, ஃபேனப் பக்கத்துல வச்சு நல்லா ஆற விடுங்க. சூடானா தடுமாறும். அப்புறம் மூடக் குடுங்க. ஆனா ஒண்ணு, ஆரம்பிச்சுட்டா நடுவுல கரண்ட் போகக் கூடாது. போச்சுன்னா அந்த டிஸ்க் மேல டீ கிளாஸ்தான் வைக்கலாம்."

முதல் தடவை டிவியில் 'எரர்' என்று வந்தது. இரண்டாம் தடவையும் அதே. மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி துடைத்தாள், மறுபடி ஆறவிட்டாள், மறுபடி பட்டனை அழுத்தினாள். மெஷின் தொண்டையைச் செருமுவதுபோல் ஒரு சத்தம் போட்டது. டிவியில் நீலக் கோடு ஒன்று மெல்ல நகர ஆரம்பித்தது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார்கள்.

கோடு பாதியைத் தாண்டியபோது உள்ளேயிருந்து அவள் புருஷன் கூப்பிட்டான்.

"அப்பா, இங்க வாங்க! அம்மா கண்ணத் தொறந்துட்டாங்க. உங்களத் தேடுறாங்க."

"இதோ வந்துட்டேன்." ஆணியடித்த மாதிரி நின்றார்.

கோடு முக்கால்வாசிக்கு வந்தது. அதோடு நின்றுவிட்டது. உள்ளே தட்டு சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா! மூச்சு வேற மாதிரி இருக்குப்பா!"

"போங்க மாமா. நான் பாத்துக்கறேன்."

"சரக்கு அந்தரத்துல தொங்கும்போது கேபின விட்டு எறங்கக் கூடாதும்மா."

"இது கிரேன் இல்ல மாமா."

"முடிஞ்சுரும்மா. கையோட எடுத்துட்டே போயிடறேன்." அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வெறுங்கையோட போய் அவ முன்னாடி எப்படி நிக்கிறது?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தக் கோடு திரையில் இருக்கிறவரை இந்த மனிதர் நகர மாட்டார். அது நகர்ந்தாலும் நிற்பார், நின்றாலும் நிற்பார். உள்ளே போகாமல் இருக்க அவருக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. அவளுக்கு அவர்மேல் கோபமும் பரிதாபமும் ஒன்றாக வந்தன. கேட்காமலே போகப்போகிற அந்தக் குரலை நினைத்தாள்.

கையை நீட்டிச் சுவரிலிருந்த ஸ்விட்சை அணைத்தாள்.

திரை கறுத்தது. சுற்றிக்கொண்டிருந்தது மெல்ல ஓய்ந்தது.

"என்னம்மா பண்ணிட்ட?"

"போச்சு மாமா. இனிமே இங்க ஒண்ணுமில்ல. வாங்க."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. அவர் கையை அவள் பிடித்து இழுத்ததும் கூடவே வந்தார்.

மாமியாரின் கண்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தன. மாமனார் கட்டிலருகே போய் நின்றதும் மனைவியின் உதடுகள் அசைந்தன. சத்தமில்லை, வெறும் காற்று. மகன் காதைக் கிட்டே கொண்டுபோனான்.

"என்னம்மா? தண்ணி வேணுமா?"

அவனுக்குப் புரியவில்லை. மருமகளுக்கும் புரியவில்லை. மாமனார் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.

"பட்டன மாத்திப் போட்டுருக்கேனாம்."

உண்மைதான். ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கிக் கிடந்தது. அன்று அந்த வீட்டில் யாருமே அதைக் கவனித்திருக்கவில்லை.

உதடுகள் மறுபடி அசைந்தன.

"சரி, சரி. திட்டாத. இப்பவே போட்டுடறேன்."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாப் பட்டன்களையும் அவிழ்த்தார். உதவப்போன மருமகளின் கையை விலக்கிவிட்டார். அடியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தார், ஒவ்வொன்றுக்கும், "இது சரியா?" என்று கேட்டார், கேட்டுவிட்டு மனைவியின் வாயைப் பார்த்தார்.

பட்டன்கள் பாதிக்கு வந்தபோது அந்த உதடுகளின் அசைவு நின்றது. மகன் அம்மாவின் காலடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். மாமனார் அடுத்த பட்டனுக்கான ஓட்டையை விரலால் தடவித் தேடிக்கொண்டிருந்தார்.

"இது சரியா?" என்றார்.