ஜெனிற்றா விற்ற பங்கு

வழக்கு வென்றாயிற்று என்று சட்டத்தரணி தொலைபேசியில் சொன்னபோது சிமியோன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து அழுதார். பக்கத்தில் நின்ற மனைவி ஜெனிற்றாவும் அழுதாள். அவள் அழுததற்குக் காரணம் வேறு.

போரில் இடம்பெயர்ந்து மயிலிட்டிக்குத் திரும்பி வந்த மீன்பிடிக் குடும்பங்கள் நாற்பது சேர்ந்து ஐஸ் தொழிற்சாலைக் கம்பனி ஒன்றைத் தொடங்கியிருந்தன. ஜெனிற்றா தன் நகைகளை விற்றுத் தன் பெயரில் பங்கு எடுத்தாள். கொழும்பு வியாபாரி ஒருவன் பழைய இயந்திரத்துக்குப் புதுப் பெயின்ற் அடித்து அவர்கள் தலையில் கட்டிவிட்டான். மூன்றாம் மாதமே அது நின்றுபோனது. நட்டஈடு கேட்டுக் கம்பனி வழக்குப் போட்டது. ஆறு வருடமாக ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனது சிமியோன்தான்.

நடுவில் அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகின. தனியார் ஆசுப்பத்திரியில் அவர் நினைவில்லாமல் கிடந்த கிழமையில், அவருடைய தங்கை மகன் லோஜனுக்கு ஜெனிற்றா வைத்தியச் செலவுக்காகப் பங்கை விற்றாள். அந்த நேரம் அதை வேறு எவரும் சீந்தவில்லை. லோஜனும் இரக்கப்பட்டுத்தான் வாங்கினான். "மாமாவுக்கு இப்ப சொல்லாதை தம்பி" என்றாள். பிறகும் சொல்லவில்லை.

தீர்ப்புக்கு அடுத்த நாள் கிணற்றடியில் நின்று சட்டத்தரணிக்கு அழைப்பு எடுத்தாள்.

"ஐயா, மெசின் பழுதான நேரம் பங்கு என்னட்டைத்தானே இருந்தது? எனக்கு ஒண்டும் வராதோ?"

"நட்டப்பட்டது கம்பனி, அம்மா. வழக்குப் போட்டதும் கம்பனி. பிரிச்சுக் குடுத்தாலும் இண்டைக்குப் பங்கு வைச்சிருக்கிற ஆக்களுக்குத்தான். விக்கேக்கை, வழக்கு வெண்டால் எனக்கும் தரவேணும் எண்டு ஏதும் எழுதி வாங்கினனீங்களோ?"

"இல்லை ஐயா."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, கோயில் மண்டபத்தில் கூட்டம். ஜெனிற்றா எவ்வளவு மறித்தும் சிமியோன் கேட்கவில்லை. வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் போய் இருந்தார். கம்பனிச் செயலாளர் சுவர்ணா பங்குதாரர்களின் பெயர்களை வாசித்து முடித்தாள்.

"பிள்ளை, ஜெனிற்றாவின்ரை பேரை விட்டிட்டீர்" என்றார் சிமியோன்.

சுவர்ணா தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "விடேல்லை அண்ணை. அது லோஜனுக்கு மாத்தி ஒண்டரை வருசமாச்சு."

மண்டபத்தில் ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை. சிமியோன் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அவர் வாய் திறந்தார்.

"ஊர் முழுக்கத் தெரியும், என்ன?"

"ஓம்."

"ஊசி குத்தின கையோடை சாட்சிக் கூண்டிலை நிண்டு எங்கடை கம்பனி, எங்கடை கம்பனி எண்டு கத்தினனான். ஒருத்தரும் சொல்லேல்லை. நீரும் சொல்லேல்லை."

"சொன்னால் வைத்தியத்துக்கு வரமாட்டியள் எண்டு பயந்தன்."

"அது முதல். பிறகு?"

தவணை நாள் ஒன்று இருந்தபடியால்தான் அவர் கட்டிலை விட்டு எழும்பினார்; பங்கு போனது தெரிந்தால் எழும்பமாட்டார் என்றே அவள் மறைத்தாள். அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

பின்னேரம் லோஜன் வந்து வாசலில் நின்றான். "மாமா, எனக்கு வாறதிலை பாதியை நீங்கள் எடுங்கோ."

"சட்டப்படி அது உன்ரை. சட்டம் கேட்டுக் கோட்டிலை நிண்டது நான்தானே? போயிட்டு வா தம்பி."

சிமியோன் கோபிக்கவில்லை. ஜெனிற்றா கொடுத்ததைச் சாப்பிட்டார். ஆனால் இரத்தம் சுத்திகரிக்கப் போகிற நாள் வந்தபோது ஆட்டோவில் ஏறவில்லை. அவள் அவருடைய காலைப் பிடித்துக் கெஞ்சினாள். அடுத்த தடவையும் ஏறவில்லை. கால் வீங்கியது, முகம் வீங்கியது. பாதிரியார் வந்து சொல்லியும் கேட்கவில்லை.

பத்தாம் நாள் விடிய, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் எடுக்க எழும்பியவளின் கையைப் பிடித்தார்.

"இரும்" என்றார்.

அவள் இருந்தாள். அதுதான் அவர் கடைசியாகக் கதைத்தது; வெயில் ஏறுமுன் மூச்சு நின்றது. அவளை மன்னித்துத்தான் அப்படிச் சொன்னாரோ, தனியே கிடக்கப் பயந்து சொன்னாரோ, அவளுக்கு இன்றைக்கும் தெரியாது.