துக்கம் கேட்க வராத விமானம்

வெள்ளியங்கிரி இறந்த மூன்றாம் நாளும் பந்தல் பிரிக்கப்படவில்லை. காங்கேயத்தில், அவருடைய தேங்காய்க் களத்தை ஒட்டிய வீட்டு வாசலில், வாடகை நாற்காலிகளில் ஒரம்பரை உட்கார்ந்திருந்தது, சொந்தபந்தம் மொத்தமும். செத்தவரைப் பற்றிப் பேச வேண்டியதெல்லாம் பேசியாகிவிட்டது. இனி வராதவளைப் பற்றித்தான் பேச வேண்டும்.

வராதவள் அன்புச்செல்வி. செத்தவரின் ஒரே மகள். டெல்லியில் வேலை பார்ப்பவள்.

“ஒத்தைப் புள்ள,” என்றாள் நஞ்சம்மாள். வெள்ளியங்கிரியின் அக்கா. வயது எழுபது, குரலுக்கு மட்டும் முப்பது. “எங்க மாமனாரூட்டு எருமை செத்ததுக்கே ஆனைமலையிலிருந்து ஆள் வந்து கேட்டுட்டுப் போனாங்க. பெத்த அப்பனுக்கு வர முடியலயாமா?”

வெள்ளியங்கிரியின் மனைவி மயிலாத்தாள் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கிளை நூலகத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவள் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அதனால் அவள் பந்தலுக்குள் வந்து நின்றதும் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

“அவ வந்துட்டுத்தான் இருந்தாளுங்க நங்கையா. ப்ளேன்ல ஏறி உக்காந்து பெல்ட்டும் போட்டுட்டா. எறக்கி உட்டுட்டாங்க,” என்றாள் நாத்தனாரிடம்.

நடந்தது அதுதான். வெள்ளிக்கிழமை காலை தகவல் போனதும் செல்வி கிடைத்த விமானத்தில் டிக்கெட் எடுத்தாள். சாரிகா ஏர்வேஸ். மத்தியானம் கோயமுத்தூரில் இறங்கியிருக்க வேண்டும். புறப்படுகிற நேரத்தில் எடை கூடிவிட்டது, கடைசியாக டிக்கெட் எடுத்தவர் இறங்க வேண்டும் என்று வந்து சொன்னார்கள். சாவுக்குப் போகிறவர்கள் எப்போதும் கடைசியாகத்தான் டிக்கெட் எடுப்பார்கள் என்பது அந்தக் கம்பெனிக்குத் தோன்றவில்லை. செல்வி அப்பா இறந்துவிட்டதைச் சொன்னாள். அவர்கள் வருத்தம் தெரிவித்து, ஒரு சாண்ட்விச் கூப்பன் கொடுத்து, நாளைக்கு இதே நேரத்துக்கு வரச் சொன்னார்கள். இங்கே மறுநாள் சனிக்கிழமை, வைத்திருக்க முடியாது. பொழுது சாயும் வரை பார்த்துவிட்டு எடுத்துவிட்டார்கள். “இனி வந்து ஆரைப் பாக்கறதும்மா?” என்று கேட்டுவிட்டு செல்வி தன் அறைக்குத் திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு ஃபோனைச் சரியாக எடுக்கவில்லை.

“அப்ப வராதது எம்புள்ள இல்லீங்க,” என்றாள் மயிலாத்தாள். “அந்தச் சாரிகா. எறக்கி உட்டுப்போட்டு, இந்த மூணு நாள்ல வந்து ஒரு வார்த்தை கேட்டாங்களா?”

மகள் மேல் விழுந்த பேச்சை எடுத்து வேறெங்காவது போட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு எண்ணமில்லை. ஆனால் பந்தலில் இருந்தவர்கள் அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டுத் துக்கத்தை வந்து கேட்காதவர்களோடு பேச்சு கிடையாது. அவர்கள் வீட்டு நல்லதுக்கும் போவதில்லை. பதினொரு வருஷம் பேசாமலிருந்த பங்காளிகள்கூட ஒருநாள் வந்து பத்து நிமிஷம் உட்கார்ந்து, “எப்படிங்க ஆச்சு?” என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது.

வெள்ளியங்கிரியின் அண்ணன் மகன் மதன்குமார் எழுந்தான். எண்ணெய் மில் முதலாளி. மாதம் இரண்டு முறை டெல்லிக்குப் பறக்கிறவன். “சின்னம்மா சொல்றது நியாயமுங்க. சாரிகாக்காரங்க வந்து துக்கம் கேக்கோணும். கேக்கற வரைக்கும் நம்ம சனம் ஒருத்தரும் அதுல ஏறக்கூடாது.”

நாற்பத்து மூன்று குடும்பங்கள் ஒப்புக்கொண்டன. அதில் விமானம் ஏறியவை நான்கு. ஏறாதவைதான் கண்டிப்பாக இருந்தன. பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருக்கும் கோவிந்தராஜுலு, வால்பாறை பஸ்ஸில் மூன்றாவது வளைவிலேயே வாந்தி எடுக்கிறவர், இனி உயிருள்ளவரை சாரிகாவில் கால் வைப்பதில்லை என்று கடையில் எழுதி ஒட்டினார்.

மதன்குமார் பெரிய ஃப்ளெக்ஸ் ஒன்று அடித்து ரவுண்டானாவில் கட்டினான். இடது பக்கம் வெள்ளியங்கிரி படம். வலது பக்கம், வழக்கமாகக் கட்சிக்காரர்கள் கும்பிட்டுக்கொண்டிருக்கும் இடத்தில், விமானத்தின் படம். நடுவில், ‘துக்கம் கேட்க வராத சாரிகா ஏர்வேஸைப் புறக்கணிப்போம்.’ ஃப்ளெக்ஸ் கடைக்காரர் பழக்க தோஷத்தில் இரண்டு படத்துக்கும் மாலை போட்டுவிட்டார். தாராபுரம் பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்து, “எங்கீங்க உழுந்துச்சு? எத்தனை பேரு?” என்று விசாரித்தார்கள்.

நஞ்சம்மாள் தன் பங்குக்கு ஆனைமலை மாசாணியம்மனுக்குப் போனாள். அநியாயம் செய்தவர்களுக்காக மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசும் இடம். யார் பெயரைச் சொல்லி அரைப்பது என்பதில் சிக்கல் வந்தது. கம்பெனி முதலாளி யாரென்று தெரியாது. செல்வியின் டிக்கெட்டில் இருந்த விமான நம்பரைச் சீட்டில் எழுதி வைத்து, அதைச் சொல்லிச் சொல்லி அரைத்துப் பூசிவிட்டு வந்தாள். நாலாம் நாள் அதே நம்பர் விமானம் இன்ஜின் கோளாறு என்று கிளம்பாமல் ஆறு மணி நேரம் நின்றதாகப் பேப்பரில் வந்தது.

மயிலாத்தாளுக்குத் தூக்கம் போய்விட்டது. “நங்கையா, அதுல சனம் போகுதுங்க. புள்ள குட்டியெல்லாம் இருக்கும்.”

“நான் சனத்தையா சொன்னேன்?”

“நம்பரச் சொன்னா எல்லாருந்தானுங்க வருவாங்க.”

நஞ்சம்மாள் யோசித்தாள். மறுவாரம் திரும்பவும் பஸ் ஏறிப் போய், பறக்கும்போது ஒன்றும் ஆகக் கூடாது, தரையில் நிற்கும்போது பார்த்துக்கொள் என்று அம்மனிடம் திருத்திச் சொல்லிவிட்டு வந்தாள்.

இதற்கிடையில் மதன்குமார் சும்மா இருக்கவில்லை. திருப்பூரில் அவனுடைய சகலை பனியன் ஏற்றுமதிக்காரர். அவருக்குத் தெரிந்த ஏற்றுமதிக்காரர்கள் இருநூறு பேர். எல்லோருக்கும் ஒரு துக்கம் இருந்தது, எல்லோருடைய பெட்டியையும் சாரிகா ஒருமுறையாவது தொலைத்திருந்தது. டெல்லி விமானத்தில் பாதி சீட் காலியாகப் போக ஆரம்பித்தது.

கம்பெனி முதலில் செல்விக்கு ஒரு மெயில் அனுப்பியது. பயண அனுபவத்துக்கு ஐந்தில் எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று கேட்டிருந்தது. பிறகு பொதுவில் மன்னிப்பு கேட்டுப் பதிவு போட்டது. பிறகு ஒரு பெண் மயிலாத்தாளை ஃபோனில் அழைத்து, இலவசமாக எங்கே போக விரும்புகிறீர்கள் என்று கேட்டாள்.

“எங்கயும் போகலீங்க அம்மணி,” என்றாள் மயிலாத்தாள். “நீங்கதான் வரோணும்.”

கடைசியில் கோயமுத்தூர் விமான நிலையத்தில் சாரிகாவின் மேனேஜராக இருந்த ரித்விக்கிடம் வேலை வந்து சேர்ந்தது. முப்பது வயது. இவர்களுக்கு என்னதான் வேண்டுமாம் என்று தலைமை அலுவலகம் கேட்டதாம். அந்த வீட்டில் போய் உட்கார வேண்டும் என்று இவன் சொன்னானாம். எவ்வளவு நேரம்? பத்து நிமிஷம். அப்புறம்? எழுந்து வந்துவிட வேண்டும். இதில் ஏதோ சட்டச் சிக்கல் ஒளிந்திருப்பதாகச் சந்தேகப்பட்டு அவர்கள் இரண்டு வாரம் யோசித்தார்களாம். இதெல்லாம் பின்னால் அவனே சொன்னது.

மதன்குமார் அவனை ஃபோனில் தயார் செய்தான். “செவ்வா, வெள்ளி வேண்டாம். திங்கக்கெழமை வாங்க. வந்ததும் வணக்கம் வைக்காதீங்க. உங்களை ஆரும் ‘வாங்க’ன்னு சொல்லமாட்டாங்க, தப்பா நெனைக்காதீங்க. போறப்ப ‘போயிட்டு வாரேன்’னு சொல்லிப்போடாதீங்க. துக்க ஊட்டுக்குத் திரும்பி வரக்கூடாது.”

“சார், எங்க ட்ரெய்னிங்கே அந்த ரெண்டு வார்த்தைதான்,” என்றான் ரித்விக். “வெல்கம், விசிட் அகெய்ன்.”

“ரெண்டையும் முழுங்கீருங்க.”

ஒன்றரை மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை ரித்விக் வந்தான். கையில் பூங்கொத்து. மதன்குமார் கேட்டிலேயே அதைப் பிடுங்கி முருங்கை மரத்தடியில் வைத்தான். கூடத்தில் ஒரம்பரை பாயில் உட்கார்ந்திருந்தது. யாரும் “வாங்க” என்று சொல்லவில்லை. ரித்விக் டையைச் சரிசெய்துகொண்டு கீழே உட்கார்ந்தான். அவன் வாய் இரண்டு முறை வணக்கத்துக்குத் திறந்து மூடியது.

“எப்படிங்க ஆச்சு?” என்றான் கடைசியில்.

மயிலாத்தாள் சொன்னாள். எல்லோருக்கும் சொன்னதைத்தான் சொன்னாள். காலையில் நெஞ்சு வலி, களத்திலேயே சாய்ந்தது, ஆட்டோ வருவதற்குள் முடிந்தது. அவன் தலையைக் குனிந்து கேட்டான்.

நஞ்சம்மாள் முன்னால் நகர்ந்தாள். “தம்பி, எம்பட தம்பி புள்ளைய எறக்கி உட்டது ஆரு?”

“நாங்கதாங்க.” அவன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். “பதினாலு எஃப் சீட்டு. ஏறி உக்காந்துட்டாங்க. அப்பா இறந்துட்டாருன்னு மூணு தடவை சொன்னாங்கன்னு எங்க ஆளே எழுதி வெச்சிருக்காங்க. கதவைச் சாத்தற வரைக்கும் கெஞ்சினாங்கன்னும் இருக்குது. அவங்க வராம இல்லீங்க. நாங்கதான் வர விடலை.”

மூன்று தடவை என்பது மயிலாத்தாளுக்கே அன்றுதான் தெரியும். செல்வி அதைச் சொன்னதில்லை. நஞ்சம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழ ஆரம்பித்தாள்.

பத்து நிமிஷம் முடிந்ததும் ரித்விக் எழுந்தான். வாசற்படியில் திரும்பி, வாயைத் திறந்து, சட்டென்று கையால் பொத்திக்கொண்டு காருக்கு ஓடினான்.

“நல்ல புள்ளை,” என்றாள் நஞ்சம்மாள். “முறை தெரிஞ்ச ஊட்டுல வளந்திருக்குது.”

அன்று சாயங்காலம் செல்வி ஃபோனை எடுத்தாள்.

“வந்து கேட்டுட்டாங்க கண்ணு. மூணு தடவை நீ சொன்னதை எல்லாரும் கேட்டாச்சு. இனி உன்னை ஆரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. ஊட்டுக்கு வா.”

“அத்தையும் இருந்தாங்களாம்மா?”

“இருந்தாங்க. அழுதாங்க.”

“பாக்கறேம்மா,” என்று சொல்லி வைத்துவிட்டாள். வருகிறேன் என்று சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. சாரிகா ஏர்வேஸ் கோயமுத்தூர் சேவையை நிறுத்துகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை கடைசி விமானம். ஏற்றுமதிக்காரர்கள் காலியாக விட்ட சீட்டுகள் அதற்குள் மறுபடி சரியாக நிரம்பவில்லை.

நஞ்சம்மாள் பேப்பரோடு வந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. “தரைல நிக்கும்போது பாத்துக்கோன்னு நாந்தான் சொன்னேன் மயிலா. தரையோடயே நிக்க வெச்சுப்போட்டா அம்மன்.”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க நங்கையா.”

“இருக்குதோ இல்லையோ. நம்மூட்டுக் கெட்டதுக்கு அந்தப் பையன் வந்து உக்காந்து கேட்டான். நாம போக வேண்டாமா?”

மதன்குமார் வேன் பேசினான். பழைய ஃப்ளெக்ஸையே எடுத்துப் போகலாம், விமானத்துக்கு ஏற்கெனவே மாலை இருக்கிறது, நடு வரியை மட்டும் மறைத்துவிட்டால் போதும் என்றான். மயிலாத்தாள் வேண்டாமென்றாள். பதினான்கு பேர் ஞாயிறு மத்தியானம் பீளமேடு விமான நிலையத்தில் போய் இறங்கினார்கள். எல்லோரையும் விட முன்னால் உட்கார்ந்து வந்தவர் கோவிந்தராஜுலு. கடையில் ஒட்டியிருந்ததை அவர் அன்று காலைதான் கிழித்தார்.

வாசலில் துப்பாக்கி வைத்திருந்த காவலர் டிக்கெட் கேட்டார்.

“டிக்கெட் இல்லீங்க. துக்கம் கேக்க வந்தோம்,” என்றாள் நஞ்சம்மாள்.

“யார் இறந்தது?”

நஞ்சம்மாள் ஓடுபாதைப் பக்கம் கையைக் காட்டினாள். காவலர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. பயணிகள் வெளியே வரும் கதவுக்கு எதிரே, தூணோரமாக, பதினான்கு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். பெட்டி தள்ளிக்கொண்டு போனவர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்தினார்கள்.

ரித்விக் வெளியே ஓடி வந்தான். பார்த்தான். ‘வெல்கம்’ சொல்லவில்லை. வந்து அவர்களோடு தரையில் உட்கார்ந்தான்.

“எப்படிங்க தம்பி ஆச்சு?” என்றாள் மயிலாத்தாள்.

“ஆறு மாசமாவே சரியில்லீங்க,” என்றான் அவன். “முதல்ல பாம்பே சர்வீஸ் போச்சு. அப்புறம் ஸ்டாஃபைக் குறைச்சாங்க. டெல்லி மட்டும் எப்படியோ இழுத்துட்டு இருந்துச்சு. போன மாசம் ரெண்டு நாள் நல்லா இருந்துச்சுங்க, சீட்டெல்லாம் ஃபுல்லாச்சு. பொழைச்சுக்கும்னு நெனைச்சோம்.”

“அப்பிடித்தான் கண்ணு. கடைசில ஒரு ரெண்டு நாள் தெளிவாத்தான் இருக்கும்,” என்றாள் நஞ்சம்மாள்.

தலைக்கு மேல் சத்தம் கேட்டது. கடைசி விமானம் இறங்கியது.

அரை மணி நேரத்தில் கண்ணாடிக் கதவு திறந்து பயணிகள் வந்தார்கள். கூட்டமில்லை. முதுகில் ஒரு பை மட்டும் மாட்டிக்கொண்டு, நாலைந்து பேருக்குப் பின்னால், அன்புச்செல்வி வந்தாள். யாரிடமும் சொல்லாமல் கிளம்பியிருந்தாள். தரையில் தன் ஒரம்பரை மொத்தமும், நடுவில் ஒரு டை கட்டிய ஆளும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

மயிலாத்தாள் எழப் பார்த்தாள். இரண்டு மாதமாக ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்த ஒரே சொல் தொண்டை வரை வந்தது. துக்கம் கேட்கிற இடத்தில் அதைச் சொல்லக்கூடாது. நஞ்சம்மாளும் அவளைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், மூடினாள். பதினான்கு பேரில் ஒருவரும் “வா” என்று சொல்லவில்லை.

நஞ்சம்மாள் மட்டும் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு நகர்ந்து இடம் விட்டாள்.

செல்வி வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தாள். பையைக் கழற்றவில்லை. அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

“அப்பாவுக்கு எப்பிடிம்மா ஆச்சு?”

“காத்தால அஞ்சு மணிக்கு எந்திரிச்சாரு கண்ணு,” என்று மயிலாத்தாள் ஆரம்பித்தாள். “மோடம் போட்டிருந்துச்சு, மழ வர்றாப்பல. களத்துல தேங்காய் கெடக்குது, தார்ப்பாயை இழுத்து மூடிட்டு வாரேன்னாரு. சட்டைல பட்டனை மாத்திப் போட்டிருந்தாரு. ஒரு பக்கம் தூக்கிட்டு நின்னுச்சு. வந்ததும் சொல்லிக்கலாம்னு உட்டுட்டேன்.”

பட்டனைப் பற்றி அவள் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

“எந்தச் சட்டைம்மா?”

“நீ வாங்கியாந்தது. ஊதாக் கோடு போட்டது.”