அம்பர் இல்லாத திமிங்கலம்

கடலின் ராஜாவுக்கு ஹயாத்து முகம்மது கொடுத்த விலை இருபத்திரண்டு ரூபாய். கரைக்கும் வள்ளங்களுக்கும் சொந்தக்காரரான இன்னாசித்தம்பிச் சம்மாட்டி முப்பதில் தொடங்கினார். மூக்கைப் பொத்திக்கொண்டே எட்டு ரூபாய் இறக்கியதில் ஹயாத்துக்குக் கொஞ்சம் பெருமைதான். எத்தாளைக் கரையில் செத்து ஒதுங்கிய திமிங்கலத்தின் வயிற்றில் அம்பர் என்ற வாசனைக் கட்டி இருக்கும், அத்தர்க்காரர்களுக்கு அதை விற்றால் கொழும்பில் கடையே வாங்கலாம் என்பது இந்தக் கருவாட்டு வியாபாரியின் கணக்கு.

இரண்டு நாள் வெட்டிக் கிளறியதில் கிடைத்தது கணவாய் அலகுகள் மட்டும். கரையே சிரித்தது.

வீட்டில்தான் சிரிக்க ஆளில்லை. முப்பத்தைந்தாம் ஆண்டு மலேரியாவில் அந்தத் தெருவிலிருந்து மட்டும் நான்கு மையித்துகள் போயிருந்தன. ஆறு மாதக் கர்ப்பிணியான அவர் மனைவி கமறியா ஒருநாள் விட்டு ஒருநாள் நடுங்கினாள். கொயினா குடித்தால் காய்ச்சல் நிற்கும். நுளம்பு கடித்தால் திரும்ப வரும். இன்னொரு தடவை வந்தால் பிள்ளை தங்காது என்று மருந்து கொடுத்த அப்போத்திக்கரி சொல்லிவிட்டார். நுளம்பு பெருகுவது சுற்றியிருந்த புகையிலைத் தோட்டக் கிணற்றுக் குழிகளில். நீர் இறைக்க வேண்டியவர்களோ பாயில் கிடந்தார்கள். குழிகளில் மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னார் அப்போத்திக்கரி. புத்தளம் முழுக்கத் தேடியும் அது கிடைக்கவில்லை.

வள்ளப் பலகைக்குப் பூசவாவது ஆகட்டும் என்று ஹயாத்து தோட்டத்தில் அடுப்பு மூட்டித் திமிங்கலக் கொழுப்பை உருக்கினார். கிடாரம் பொங்கிப் பக்கத்துக் குழியில் வழிந்தது. மறுநாள் தண்ணீர் அள்ளக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எண்ணெய் படர்ந்த குழியில் நுளம்பாக வேண்டிய கூத்தாடிப் புழுக்கள் செத்து மிதந்தன. அடுத்த குழியில் துள்ளிக்கொண்டிருந்தன.

அன்று மத்தியானம் இன்னாசித்தம்பி முப்பத்தைந்து ரூபாயோடு வந்து, தன் வள்ளங்களுக்குப் பூச எண்ணெய் முழுவதையும் கேட்டார்.

"காசுக்கு விக்கிறதுக்கு இல்ல, சம்மாட்டி. ஒங்கட ஆக்கள் ஆறு பேர் நாலு நாளைக்கு வாளி தூக்கி, நுளம்புப் புழு சாக, எங்கட பக்கம் ஒங்கட பக்கம் எல்லாக் குழிக்கும் இத ஊத்தணும். அதுதான் விலை."

"திமிங்கலத்த நுளம்புக்குத் தீனி போடுற யாவாரிய இப்பதான் காணுறன், நானா."

"மலை மாதிரி வந்து கிடந்தது ஒருத்தரையும் கடிக்கல்ல. தராசுல நிக்காதது ஊரையே படுக்க வெச்சிட்டு. நான் இவ்வளவு காலமும் எடையப் பாத்துத்தான் விலை போட்டன்."

இன்னாசித்தம்பி சிரிப்பை நிறுத்தினார். அவருடைய மருமகள் யூஜீனியாவும் பாயில்தான் கிடந்தாள். ஆனாலும் பேரத்தை விடவில்லை. ஆறு பேர் கிடையாது, எழும்பி நடக்கிறவர்கள் நாலு பேர்தான் என்றார். தங்கள் பக்கத்துக் குழிகளிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். ஹயாத்து தன் வீட்டுப் பக்கமிருந்து என்றார். கடைசியில் இரண்டு முனையிலிருந்தும் என்று தீர்ந்தது; ஐந்தாவது வாளியை ஹயாத்தே தூக்கினார்.

மாசிக் கடைசியில் கடைக் கொப்பியில் அவர் எழுதி வைத்தது: அம்பர் இல்லை. எண்ணெய் முடிந்தது. ஊற்றிய குழி அறுபத்து மூன்று. கமறியா காய்ச்சலில்லாமல் எழும்பிய நாட்கள் பத்தொன்பது. பிள்ளை வரப் பாக்கி இரண்டு மாதமும் சொச்சமும்.