மருமகள் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒத்திகை

பாரிசில் லா சப்பல் மெட்ரோ படியில் இறங்கும்போதே சாம்பார் வாசம் அடித்தது. டூர்க்காரன் ஊர் ஊராகக் கொடுத்த டப்பா புலாவில் செத்துப்போயிருந்த என் நாக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டது. தெரு நெடுகத் தமிழ்ப் பலகைகள். ஒரு கடையில் கண்ணாடிக்குப் பின்னால் உளுந்து வடையை அடுக்கி வைத்திருந்தார்கள். நான் நின்றேன். என் மனைவி ஜெயமணி நிற்கவில்லை.

“ஒரே ஒரு தோசை ஜெயா. நின்னுக்கிட்டே சாப்பிட்டுடறேன்.”

“இங்க வயித்த ரொப்பிக்கிட்டு அங்க வந்து என்ன பண்ணுவீங்க? வேடிக்கை பாப்பீங்களா?”

அங்கே என்றால் சிலி நாட்டு ஓட்டல். பாரிசுக்கு வருகிறவர்கள் கோபுரத்தைப் பார்க்கிறார்கள், படகில் போகிறார்கள். எங்கள் குழுவும் அன்று படகுக்குத்தான் போயிருந்தது. நாங்கள் மட்டும், குதிகால் வலியோடு, செல்போனில் வழி பார்த்துக்கொண்டு, தமிழ்க் கடைகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கடந்து, உலகத்தின் மறுமூலையில் இருக்கும் ஒரு நாட்டின் சாப்பாட்டைத் தேடிப் போய்க்கொண்டிருந்தோம். லண்டனிலும் இதே கூத்துதான், மாட்ரிட்டிலும் இதேதான். எனக்கு அலுத்துவிட்டது. அறுபத்து நாலு வயதில், மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு மனிதனுக்கு இதெல்லாம் தேவையா?

தேவை என்றாள் ஜெயமணி. காரணம் எங்கள் பையன் ஹரி. அவன் சிலியில் ஒரு செம்புச் சுரங்கத்தில் எஞ்சினீயர். ஒரு வாரம் மலைமேல் வேலை, ஒரு வாரம் கீழே வீடு. இரண்டு வருடத்துக்கு முன்னால் அங்கேயே இசிதோரா என்ற பெண்ணை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு எங்களுக்குப் போட்டோ அனுப்பினான். அன்றோடு நான் அவனிடம் பேச்சை நிறுத்தினேன். ஜெயமணி நிறுத்தவில்லை. ஹரி மலைமேல் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பெண்ணே கூப்பிடுவாள். இவளுக்கு ஸ்பானிஷ் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. ஒருத்தி பூச்செடியைக் காட்டுவாள், மற்றவள் காயப்போட்ட வடகத்தைக் காட்டுவாள். அரைமணி நேரம் சிரித்துக்கொண்டே இருப்பார்கள்.

தீபாவளி முடிந்த வாரம் ஜெயமணி என்னிடம் ஓடிவந்தாள். “என்னங்க, அந்தப் பொண்ணு தமிழ் கத்துக்கிட்டா! வயித்தத் தொட்டுக் காட்டி ‘வா வா’ங்கறா. சாப்பிட வரச் சொல்றா!” அதன் பிறகு பேசிய ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவள் கூப்பிட்டாள். இவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். “முத தடவையே சரின்னு சொல்லுவாங்களா? நல்லாவா இருக்கும்? வேண்டாம்மா, வயிறு நிறைஞ்சிருக்குன்னு சொன்னேன்,” என்றாள். இரண்டு கையையும் ஆட்டி எனக்குச் செய்தும் காட்டினாள். எங்கள் பக்கம் அப்படித்தான். சாப்பிடக் கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், கூப்பிட்டவர் கையைப் பிடித்து இழுக்க வேண்டும், அப்புறம்தான் இலையில் உட்கார வேண்டும்.

பொங்கலுக்குப் பிறகு அந்தப் பெண் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ஹரியின் பேச்சும் சுருங்கிவிட்டது. “நல்லாருக்கோம், வேலை இருக்கு, வைக்கறேன்.” மருமகள் கோபித்துக்கொண்டாள் என்று ஜெயமணி முடிவு கட்டினாள். “அத்தனை தடவ கூப்பிட்டா. நான் பிகு பண்ணிக்கிட்டே இருந்துட்டேன். அடுத்த தடவ சரின்னு சொல்லலாம்னு இருந்தேங்க,” என்று தினமும் புலம்பல். நேரில் போய் அவள் கையால் சாப்பிட்டால்தான் இது தீரும் என்று ஒரே பிடிவாதம். எனக்கும் சேர்த்துச் சிலிக்கு விசா வாங்கிவிட்டாள். இந்த ஐரோப்பா டூர் முன்பே பணம் கட்டியது. டூர் முடிந்ததும் அப்படியே சிலிக்குப் போகலாம் என்றாள்.

நான் ஒரு நிபந்தனை போட்டேன். கும்பகோணத்தைத் தாண்டினாலே தண்ணீர் சரியில்லை என்கிறவள் இவள். “வழியில எங்கயாவது ஒரு சிலி ஓட்டல்ல உக்காந்து ஒரு சாப்பாடு முழுசா சாப்பிட்டுக் காட்டு. டிக்கெட் போடறேன்.” சாப்பிடமாட்டாள் என்ற தைரியம்தான். லண்டனில் சமோசா போல ஒன்று கொண்டுவந்து வைத்தார்கள். உள்ளே மாட்டிறைச்சி என்று தெரிந்ததும் எழுந்துவிட்டாள். மாட்ரிட்டில் எலுமிச்சைச் சாறு ஊற்றிய பச்சை மீன். அதை வாயில் வைத்துக்கொண்டு ஓடியவள் கழிப்பறையிலிருந்து வெகுநேரம் வெளியே வரவில்லை. மறுநாள் எங்களுக்குச் சென்னை விமானம். இதுதான் கடைசி ஓட்டல்.

அது ஒரு சந்துக்குள் இருந்தது. மொத்தமே ஆறேழு மேசை. மூலையில் ஒரு நடுவயதுப் பெண்மணி குழந்தை வண்டியை ஒரு காலால் ஆட்டியபடி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் முதலாளி போலிருந்தது. நான் நாற்காலியில் விழுந்து செருப்பைக் கழற்றினேன்.

“இங்கயாவது பச்சை மீன் கேக்காம இரு.”

“நீங்க வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க.”

“நீங்கள் தமிழ் ஆக்களோ?” என்று ஒரு குரல். பரிமாறும் பெண். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். பெயர் துஷாந்தி என்றாள். வீடு பக்கத்தில் ஸ்தேன் என்ற புறநகரில். யாழ்ப்பாணத்துத் தாய் தகப்பனுக்கு இங்கேயே பிறந்த பிள்ளை.

“தமிழ்க் கடையெல்லாத்தையும் விட்டிட்டு இஞ்சை ஏன் அன்ரி வந்தனீங்கள்?”

“அதத்தான் நானும் கேக்கறேன்,” என்றேன்.

ஜெயமணி என்னைக் கண்டுகொள்ளவில்லை. மாடு வேண்டாம், பச்சையாக எதுவும் வேண்டாம், அவர்கள் வீட்டில் அன்றாடம் சாப்பிடுவது எதுவோ அதைக் கொடு என்றாள்.

“அப்ப கசுவேலா கொண்டு வாறன். கோழி போட்டது. சூப் மாதிரி இருக்கும். உறைப்பு இல்லை, பரவாயில்லையோ?”

வந்தது பெரிய மண் சட்டி. தெளிந்த குழம்பில் ஒரு கோழித் தொடை, ஒரு முழு உருளைக்கிழங்கு, தோலோடு பூசணித் துண்டு, சோளக்கதிரில் ஒரு பாதி, அடியில் கொஞ்சம் சோறு. எதையுமே நறுக்க நேரமில்லாத அவசரத்தில் சமைத்தது போலிருந்தது. நான் ஒரு வாய் வைத்துவிட்டு ஸ்பூனைக் கீழே போட்டேன். காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கிற சாப்பாடு.

ஜெயமணி சாப்பிட்டாள். முதலில் பூசணி, பிறகு கிழங்கு. சோளத்தைக் கையிலெடுத்துக் கடித்தாள். கைப்பையில் ஊறுகாய்ப் பொட்டலம் இருந்தது, எனக்குத் தெரியும். அவள் அதைத் தொடவில்லை. நெற்றி வியர்த்தது. ஒவ்வொரு வாய்க்கும் என்னைப் பார்த்தாள். பரீட்சை எழுதுகிற பிள்ளையைப் பார்ப்பது போல இருந்தது எனக்கு. நிபந்தனை போட்டதற்காக எரிச்சலும், அவள்மேல் பரிதாபமும் ஒன்றாக வந்தன. சட்டி முக்கால்வாசி காலியாகிவிட்டது.

“நல்லாச் சாப்பிடுறீங்கள் அன்ரி,” என்றாள் துஷாந்தி, தண்ணீர் வைத்தபடி.

போதாதா? ஜெயமணி கதையை ஆரம்பித்துவிட்டாள். மருமகள் சிலிக்காரி, தங்கமான பெண், தமிழ்கூடக் கற்றுக்கொண்டாள், போனில் விடாமல் சாப்பிடக் கூப்பிட்டாள். “வயித்தத் தொட்டுக் காட்டி ‘வா வா, வா வா’ன்னு எவ்ளோ ஆசையா சொல்லுவா தெரியுமா? அவ வீட்டுல போய் நான் முகஞ்சுளிக்கக் கூடாதுல்ல? அதான் ஊர் ஊரா சாப்பிட்டுப் பழகறேன்.”

துஷாந்தியின் சிரிப்பு நின்றுவிட்டது. தட்டை எடுக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

“வயித்திலை கை வைச்சுக்கொண்டோ அன்ரி சொன்னவா?”

“ஆமா. இப்படி.”

“அது… கொஞ்சம் பொறுங்கோ.” அவள் மூலைக்குத் திரும்பி முதலாளி அம்மாவிடம் வண்டியைக் காட்டி ஸ்பானிஷில் ஏதோ கேட்டாள். அந்த அம்மா வெங்காயக் கையைத் துடைத்துக்கொண்டு, போர்வையை விலக்கி, தூங்குகிற பேரக்குழந்தையைப் பெருமையாகக் காட்டி, பளிச்சென்று சொன்னாள். “வாவா!”

“அது தமிழ் இல்லை அன்ரி,” என்றாள் துஷாந்தி மெல்ல. “சிலி ஆக்கள் குழந்தைப்பிள்ளையை அப்பிடித்தான் சொல்லுறவை. உங்கடை மருமகள் உங்களைக் கூப்பிடேல்லை. தான் பிள்ளைத்தாச்சி எண்டு சொல்லியிருக்கிறா.”

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. ஜெயமணிக்கு உடனே விளங்கிவிட்டது. அவள் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். மேசைமேல் வைத்தாள், எடுத்தாள், மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஐயோ,” என்றாள். “நான் வேண்டாம்னேனேங்க. ஒவ்வொரு தடவையும் வேண்டாம் வேண்டாம்னேனே.”

அன்று என் எதிரே அந்தக் கைகள் ஆடிக் காட்டியதை நானும் நினைத்துப் பார்த்தேன். ஒரு பெண் ஆசையாக வயிற்றைத் தொட்டு எனக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்கிறாள். மாமியார் தலையை ஆட்டி, கையை ஆட்டி, வேண்டாம் என்கிறாள். அடுத்த முறை கூப்பிட்டு மறுபடி சொல்கிறாள். மறுபடி வேண்டாம். ஹரி ஏன் பேச்சைக் குறைத்தான் என்று யாரும் இனி எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

“போன் போடுங்க,” என்றாள். நானே போட்டேன். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். நெடுநேரம் அடித்தபின் ஹரி எடுத்தான். முகம் தெரிவதற்கு முன்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

“என்னம்மா, இந்நேரத்துல?”

“என்ன குழந்தைடா?”

“பொண்ணு. போன மாசம் பொறந்தா.” பிறகு அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது. “இப்ப எதுக்கும்மா கேக்கற? அவ எத்தன தடவ சொன்னா? நான் மலைமேல இருக்கறப்ப தனியா உக்காந்து உனக்குத்தான் முதல்ல சொன்னா. நீ ரெண்டு கையையும் ஆட்டி வேண்டாம்னியாம். நான் கீழ இறங்கி வந்தா வீட்டுல அழுதுக்கிட்டு இருக்கா. அதுக்கு மேல நான் என்ன சொல்றது உங்ககிட்ட?”

“அவளக் கூப்பிடு,” என்றாள் ஜெயமணி.

“எதுக்கு?”

“கூப்பிடுடா.”

இசிதோரா வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். தலை வாரவில்லை, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தோளில் குழந்தை, பின்னந்தலை மட்டும் தெரிந்தது, நிறைய முடி. அவள் போனைப் பார்க்காமல் குழந்தையின் முதுகையே தட்டிக்கொண்டிருந்தாள்.

“நான் வேண்டாம்னது சாப்பாட்ட,” என்றாள் ஜெயமணி. அழுகையில் பாதி வார்த்தை போயிற்று. “சாப்பிட வா வான்னு கூப்பிடறான்னு நினைச்சேன். பிகு பண்ணிக்கிட்டேன். குழந்தைய வேண்டாம்பேனாடா நான்? சொல்லு அவகிட்ட. ஒரு வார்த்த விடாம சொல்லு.”

ஹரி திரும்பி அவளிடம் ஸ்பானிஷில் சொன்னான். அவள் தட்டுவதை நிறுத்தினாள். புருவத்தைச் சுருக்கி அவனிடம் ஏதோ கேட்டாள். மறுபடியும் கேட்டாள்.

“என்னடா சொல்றா?”

“என்ன சாப்பாடுங்கறா. நான் சாப்பிடக் கூப்பிடவே இல்லியேங்கறா.”

பக்கத்து மேசைக்காரர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துஷாந்தி காகித நாப்கின்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எங்கள் பின்னாலேயே நின்றாள். ஜெயமணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“சரி,” என்றாள். “அப்ப இப்பக் கூப்பிடச் சொல்லு.”

ஹரி அதை அவளிடம் சொன்னபோது அவன் குரல் சரியாக இல்லை. அந்தப் பெண் குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். முதன்முறையாகப் போனை நேராகப் பார்த்தாள். சுருக்கமாக ஏதோ சொன்னாள்.

“எப்ப வருவேன்னு கேக்கறா,” என்றான் ஹரி.

சேலை எடுப்பதிலிருந்து பல் டாக்டரிடம் போவதுவரை எதற்கும் என் முகத்தைப் பார்க்கிறவள் ஜெயமணி. இப்போது பார்க்கவில்லை. “நாளைக்கு இங்கருந்தே கிளம்பறேன். சென்னைக்குப் போகல,” என்றாள். “அதுவரைக்கும் அவளுக்கு ரசம் வச்சுக் குடு. மிளகு நிறைய போடு. உனக்கு வைக்கத் தெரியும்ல?”

“தெரியும்மா.”

“பூண்டும் போடு.”

அதற்குமேல் அவளால் முடியவில்லை. போனை என் பக்கம் தள்ளிவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். துஷாந்தி குனிந்து அவள் முதுகில் கை வைத்தாள். திரையில் ஹரி என்னைப் பார்த்துவிட்டான்.

“அப்பா?” என்றான்.

இரண்டு வருடமாக அவனிடம் சொல்வதற்கென்று நிறைய யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் நல்ல சூடான வார்த்தைகள். ஒன்றுகூட வரவில்லை. கால் வலித்தது, எதிரே அந்தக் குழந்தை மறுபடி அழ ஆரம்பித்தது.

“அம்மா தனியா அவ்வளவு தூரமெல்லாம் வரமாட்டாடா,” என்றேன்.