கௌரிக்காப்பும் வளைபந்தும்

என் தம்பி கஜீவன் பேஸ்போல் விளையாடுகிறான் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது, "அதுக்குப் பிறகு என்ன படிக்கப் போறானாம்?" என்பதுதான். ரொறன்ரோவின் மில்லிக்கன் பகுதியில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த யோகமலர் அன்ரி ஒருபடி மேலே போய், "உவன் கிரிக்கெட் எண்டாலும் விளையாடலாம், விளங்கும்" என்றார். அன்ரிக்குக் கிரிக்கெட்டும் விளங்காது என்பது வேறு கதை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

இப்போது அதே அன்ரி, அந்த ஞாயிற்றுக்கிழமை தானே பந்தெறிந்தது போலக் கலியாண வீடுகளில் கதை சொல்லித் திரிகிறார். அதில் பாதி பிழை. ஆகவே நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

எண்பத்தொன்பதில் நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்தபோது கஜீவனுக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூட வேலிக்கு வெளியே விழுந்த பந்தை யாரோ எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறார்கள். இவன் வீதியில் நின்றபடியே எறிந்தான். பந்து மைதானம் முழுவதையும் தாண்டிப்போய் உடற்பயிற்சி வாத்தியாரின் நெஞ்சுக்கு நேரே நின்றது. அடுத்த வாரமே அவன் கையில் ஒரு தோல் கையுறையைத் திணித்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து நான் சாரதி. என் பழைய நீலக் கொரோலாவில் ஒஷாவா வரைக்கும் அவனை ஏற்றிப்போய் இறக்கிவிட்டு, காருக்குள் இருந்தே நேர்சிங் புத்தகங்களைப் படித்து முடித்தேன். அப்படித்தான் எனக்கும் இந்த விளையாட்டு ஒட்டிக்கொண்டது. மேட்டில் நின்று எறிபவனைப் பிச்சர் என்பார்கள். எதிரே மட்டையோடு நிற்பவனை அடிக்க விடாமல் ஏமாற்றுவதுதான் அவன் தொழில். வேகமாக எறிவது பாதி வேலை. நேரே வருவது போல வந்து, மட்டைக்குக் கிட்ட வந்ததும் தடாலென்று கீழே விழும் வளைபந்து மீதிப் பாதி. கஜீவனுடைய வளைபந்தைப் பார்க்கவென்றே அவனுடைய பதினேழு வயதில் பெரிய அணிகளின் ஆட்கள் தேடி வந்தார்கள். தொண்ணூற்றைந்தில் அவனோடு ஒப்பந்தமும் போட்டார்கள்.

பெரிய அணிகளுக்குக் கீழே படிப்படியாகச் சின்ன அணிகள் உண்டு. இளைஞர்களை ஆகக் கீழே உள்ள படியில் சேர்த்து, பஸ்ஸில் ஊரூராகக் கொண்டுபோய் விளையாட வைப்பார்கள். தேறுகிறவன் அடுத்த படிக்குப் போவான். தேறாதவனை ஒரு காலையில் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, கைகுலுக்கி, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நயாகராப் பக்கத்து ஊரொன்றில் இருந்த அந்தக் கடைசிப் படி அணியில் கஜீவன் மூன்றாவது வருடமாக நின்றான். அங்கே மூன்றாவது வருடம் என்றால் பெட்டியைக் கட்டு என்று அர்த்தம்.

காரணம், அந்த வளைபந்து தொலைந்துவிட்டது. வேகம் இருந்தது, மணிக்குத் தொண்ணூற்றிரண்டு மைல். ஆனால் வளைபந்து விழவில்லை. நேரே போய் மட்டையில் "என்னை அடி" என்று நின்றது. அல்பேட் என்ற கியூபெக்காரர் அவனுடைய கோச். நல்ல மனிதர். மணிக்கட்டில் பழைய காயம் ஏதோ இருக்கிறது, பையன் மறைக்கிறான் என்று அவர் நினைத்தார். ஓகஸ்ட் முடிவதற்குள் அந்தப் பந்து திரும்பி வராவிட்டால் மேலிடம் அவனை விட்டுவிடும் என்று அவனுக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

ஜூலையில் ஒரு நாள் லீவில் வீட்டுக்கு வந்தவன், அந்த வெக்கையிலும் நீளக்கைச் சட்டையோடு திரிந்தான். குசினியில் கோப்பை கழுவும்போது கையை மடித்தான். நான் பார்த்துவிட்டேன். வலது மணிக்கட்டில் இறுக்கி இறுக்கிச் சுற்றிய பட்டி. கடையில் அதைத் தோல் நிறம் என்று விற்பார்கள். யாருடைய தோலோ, எங்களுடையதில்லை.

"என்னடா உது?"

"ஒண்டுமில்லை அக்கா."

"நான் நேர்ஸ். என்னட்டை உந்தக் கதை வேண்டாம். அவிழ்."

அவிழ்த்தான். தோல் வெந்து வெளுத்திருந்தது. அதன் நடுவே, அழுக்கேறி, கௌரிக்காப்பு.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஐப்பசியில் இருபத்தொரு நாள் கேதாரகௌரி விரதம் இருந்து, கடைசி நாள் கோயிலில் இருபத்தொரு முடிச்சுப் போட்ட நூலைக் கட்டுவோம். ஆண்களுக்கு வலது கை, பெண்களுக்கு இடது. அடுத்த வருட விரதம் வரைக்கும் அது கையை விட்டு இறங்கக்கூடாது. பிச்சரின் கையிலோ மணிக்கட்டிலோ ஒரு நூலும் இருக்கக்கூடாது என்பது பேஸ்போல் சட்டம். பள்ளிக்கூட ஆட்டங்களில் யாரும் கவனிக்கவில்லை. இந்த அணிக்கு வந்த முதல் வாரமே ஒரு நடுவர் கழற்றச் சொல்லியிருக்கிறார். இவன் ஓம் என்று தலையாட்டிவிட்டு, நூல் இறங்கி வெளியே தெரியாதபடி பட்டியால் இறுக்கிக் கட்டி, மேலே நீளக்கைச் சட்டையையும் மாட்டிக்கொண்டான். மூன்று வருடம்.

"மடையா, மணிக்கட்டை இப்பிடி இறுக்கினால் பந்து எப்பிடி வளையும்?"

"தெரியும்."

"தெரியுமோ?"

"தெரிஞ்சுதான் கட்டுறன். அம்மாட்டைச் சொல்லிப்போடாதை."

எனக்கு வந்த கோபத்துக்கு அப்போதே கத்தரிக்கோலை எடுத்திருப்பேன். எடுக்காததற்குக் காரணம் கீதன்.

கீதன் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே பிறந்தவன். எண்பத்தேழு ஐப்பசியில் யாழ்ப்பாணத்தில் ஊரடங்கு. கோயிலுக்குப் போக முடியவில்லை. அந்த ஒரு வருடம்தான் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் காப்புக் கட்டவில்லை. தீபாவளி கழிந்து நாலாம் நாள் கிணற்றடியில் ஷெல் விழுந்தது. அவனுக்குப் பதினான்கு வயது. அன்று அம்மா போட்ட சத்தத்துக்குப் பிறகு அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. மேல்மாடியில் இருக்கும் எங்களைக் கூப்பிடுவதென்றாலும் படியேறி வந்து தோளில் தொடுவார். கஜீவன் கையில் காப்பு இருக்கும்வரை அம்மாவுக்கு நித்திரை வரும். அவ்வளவுதான் விஷயம்.

ஆனாலும் ஒருநாள் வாய் திறந்தேன். "அம்மா, தம்பிக்கு அந்தக் காப்பாலை விளையாட்டிலை கொஞ்சம் கரைச்சல்" என்றேன். அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினார். கீதனின் படத்தைப் பார்த்தார். பிறகு மறுபடியும் வெட்டத் தொடங்கினார். தாயும் மகனும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்களில்லை. என்னமோ செய்யுங்கள் என்று நான் விட்டுவிட்டேன்.

ஓகஸ்ட் கடைசி ஞாயிறு, பெரிய அணி வெளியூர் போயிருந்ததால், ரொறன்ரோவின் பெரிய மைதானத்திலேயே கஜீவனின் அணிக்கும் இன்னொரு சின்ன அணிக்கும் ஒரு பகல் ஆட்டம் வைத்தார்கள். முதலில் எறியத் தொடங்குவது கஜீவன். மேலிடத்து ஆட்கள் பந்தின் வேகம் அளக்கும் வேகமானியோடு வந்து குந்தியிருந்தார்கள். அவனுக்கு அதுதான் கடைசித் தவணை என்று எனக்கும் அவனுக்கும் அல்பேட்டுக்கும் மட்டும் தெரியும்.

எங்கள் வரிசை மைதானத்தை ஒட்டிய கம்பிக்கு மேலேயே இருந்தது. அப்பா இரவல் வாங்கிய வீடியோ கமெராவோடு வந்தார். யோகமலர் அன்ரி சாப்பிட ஒரு பெட்டி நிறைய றோல்ஸ் கொண்டுவந்தார். அம்மா இதற்கு முன் ஓர் ஆட்டமும் பார்த்ததில்லை. சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு, மடியில் கைவைத்து இருந்தார்.

கூரை திறந்திருந்தது. வெயில் கொளுத்தியது. மூன்று பேரை வெளியேற்றினால் ஒரு இன்னிங்ஸ், அப்படி ஒன்பது. முதல் இன்னிங்ஸில் கஜீவன் வேகத்தை மட்டும் வைத்துச் சமாளித்தான். இரண்டாவதில் இரண்டு ஓட்டம் கொடுத்தான். வளைபந்தை இரண்டு தரம் எறிந்தான், இரண்டையும் விளாசினார்கள். மூன்றாவது இன்னிங்ஸில் இன்னொன்று நடந்தது. வியர்வையில் பட்டி ஊறி, ஒட்டுவிட்டு, சட்டைக்கைக்குள்ளிருந்து ஒரு சாண் நீளத்துக்கு வெளியே தொங்கியது. எதிரணி மனேஜர் சும்மா இருப்பாரா? கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

நடுவர் மேட்டுக்குப் போய்ச் சட்டைக்கையை மேலே தள்ளினார். பட்டியைக் கழற்றச் சொன்னார். கழற்றினான். நூல் தெரிந்தது. அதைக் கழற்று, இல்லையென்றால் வெளியே போ என்று சைகை காட்டினார். யாரோ ஒரு கத்தரிக்கோலும் கொண்டு ஓடி வந்தார்கள்.

கஜீவன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். அங்கே வந்து நின்ற அல்பேட்டின் கையில் பந்தை வைத்தான்.

"என்னவாம்?" என்று அம்மா மெதுவாகக் கேட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். மூன்று வருடம் பட்டி கட்டியதை, கை வெந்ததை, பந்து வளையாததை, இன்றோடு அவனை அனுப்பிவிடுவார்கள் என்பதை. "உங்கடை நூலுக்காண்டித்தான் எல்லாத்தையும் விட்டிட்டுப் போறான்" என்றும் சொன்னேன். சொன்ன அந்தக் கணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அம்மா எழும்பினார். படியிறங்கிக் கம்பியடிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். மேட்டிலிருந்து இறங்கி, குனிந்த தலையோடு நடந்து வந்தவனைப் பார்த்துக் கையால் வா என்றார். அவன் நடுவரைப் பார்த்தான். அல்பேட் நடுவரிடம் என்ன சொன்னாரோ தெரியாது. அந்த மனிதர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, சரி, கெதியாக என்பது போல விரலை ஆட்டினார்.

கஜீவன் கம்பியடிக்கு வந்து நின்றான்.

"கையைத் தா."

"வேண்டாம் அம்மா. நான் விட்டிட்டன்."

"தா எண்டுறன்."

பத்து மாதம் வியர்வையில் இறுகிய முடிச்சு. நகத்தால் முடியவில்லை. அம்மா குனிந்து பல்லால் கடித்து இளக்கினார். அப்போது அந்தத் தோலைப் பார்த்திருக்க வேண்டும். பெருவிரலால் அதை மெல்லத் தடவினார்.

"நான் கட்டினதை நான் அவிழ்த்தால் குற்றமில்லை" என்றார். "உன்னைக் காக்கத்தான் கட்டினனான் தம்பி. உன்ரை கையை மறிக்கிறதுக்கில்லை."

அவிழ்ந்த நூலைத் தன் வலது கையில் சுற்றி, என்னிடம் நீட்டி, "முடிஞ்சு விடு பிள்ளை" என்றார். முடிந்துவிட்டேன்.

கஜீவன் அல்பேட்டிடம் பந்தைத் திருப்பி வாங்கினான். சட்டைக்கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டான். முதல் வளைபந்து அளவுக்கு மிஞ்சி விழுந்து, மண்ணில் குத்தி, பிடிப்பவனையும் தாண்டி ஓடியது. யோகமலர் அன்ரி "ஐயோ" என்றார். எனக்கோ சிரிப்பு வந்தது. விழுகிறதே, மூன்று வருடத்துக்குப் பிறகு விழுகிறதே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அடுத்தது சரியாக விழுந்தது. மட்டைக்காரன் நெஞ்சுக்கு வந்த பந்தை அடிக்க வீசினான், பந்து அவன் முழங்காலுக்குக் கீழே கையுறைக்குள் இருந்தது. அவன் மட்டையைப் பார்த்தான், நிலத்தைப் பார்த்தான். அல்பேட் தொப்பியைக் கழற்றித் தன் தொடையில் அடித்தார். அதன் பிறகு கஜீவனை நிறுத்த ஆளில்லை. நான்காவதில் மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேரும் காற்றை அடித்துவிட்டுப் போனார்கள். வேகமானிக்காரர்கள் குனிந்து குனிந்து எழுதினார்கள். பின்வரிசையில் யாரென்றே தெரியாத வெள்ளைக்காரர்கள் அவன் பெயரைத் தங்களுக்கு வந்தபடி கூவினார்கள். அவன் அணி ஐந்து ஓட்டம் எடுத்து முன்னுக்கு வந்தது. ஏழாவதுதான் அவனுக்குக் கடைசி இன்னிங்ஸ். அதில் கடைசி ஆள் வருவதற்குள் பதினொரு பேரை வெறுங்கையோடு அனுப்பியிருந்தான்.

அந்த ஆள் தடித்தவன். தவறான பந்து மூன்று, நல்ல பந்து இரண்டு என்று போய் நின்றது. இனி ஒரே ஒரு பந்து: அதுவும் தவறினால் அவன் சும்மாவே நடந்து போவான், அவன் தவறவிட்டால் வெளியே. மைதானம் அடங்கிப்போயிருந்தது. கஜீவன் மேட்டில் நின்று எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

அம்மா எழும்பி நின்றார். இரண்டு கையிலும் காப்பு. அந்த இரண்டு கையையும் வாயருகே குவித்தார்.

"எறியடா தம்பி."

முழு மைதானத்துக்கும் கேட்டிருக்கும். பத்து வருடத்துக்குப் பிறகு என் தாயின் குரலைக் கேட்டேன்.

எறிந்தான். பந்து நேரே போனது, விழுந்தது. தடித்தவன் வீசிய வீச்சில் தானே ஒரு சுற்றுச் சுற்றி முழங்காலில் இருந்தான்.

ஆட்டம் முடிந்ததும் அல்பேட் கம்பியடிக்கு வந்து, திங்கட்கிழமை அவனை அடுத்த படிக்கு அனுப்புகிறார்கள் என்று சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அம்மா அவருக்கு ஒரு றோல்ஸ் எடுத்துக் கொடுத்தார். வேறென்ன கொடுப்பது?

அப்பாவின் வீடியோ இன்னும் எங்களிடம் இருக்கிறது. அந்தக் கடைசிப் பந்தைப் பார்க்க வேண்டும் என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். அப்பா கமெராவைப் பிடித்திருந்ததையே மறந்துபோய்விட்டார். தம்பி இல்லை, மட்டைக்காரன் இல்லை, பந்தும் இல்லை. அப்பாவின் கால்களும் கறுப்புச் சப்பாத்தும், கீழே விழுந்த ஒரு பாதி றோல்ஸும்தான் தெரிகின்றன. ஆனால் சத்தம் நன்றாகப் பதிந்திருக்கிறது. கஜீவன் வெளியூரில் ஆட்டம் முடித்து வீட்டுக்கு வரும் போதெல்லாம் சாப்பிடுவதற்கு முன் அதைப் போடச் சொல்வான். கண்ணை மூடிக்கொண்டு அம்மாவின் அந்த ஒரு வரியைக் கேட்பான்.