பதினான்காவது நிபந்தனை

வீடு பிடித்துக் கொடுக்கிற அந்தப் புரோக்கரை எல்லோரும் சாவி என்றுதான் கூப்பிடுவார்கள். இடுப்பில் தொங்குகிற கொத்தில் எந்நேரமும் பத்துப் பன்னிரண்டு சாவிகள் இருக்கும், அதனால் வந்த பட்டம். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். வாடகைக்கு வீடு வேண்டும் என்று யார் வாய் திறந்தாலும் எதிரே வந்து நிற்பார். குழாயைத் திருகிக் காட்டுவார், சுவிட்சைத் தட்டிக் காட்டுவார், ஜன்னலைத் திறந்துவிட்டு, "காத்து பாருங்க சார், காத்து!" என்பார், ஏதோ காற்றை அவர்தான் கட்டிக்கொண்டு வந்த மாதிரி. பதினைந்து வருஷப் பிழைப்பு. ஊரில் பாதிப் பேரைக் குடிவைத்த மனுஷனுக்கு ஒரே ஒரு நாயைக் குடிவைக்க முடியாமல் ஐந்து நாள் பைத்தியம் பிடிக்காத குறை.

நாயைக் கண்டது திங்கட்கிழமை காலையில். ஒரு மாடி வீட்டிலிருந்த குடும்பம் வியாழக்கிழமை காலி செய்துவிட்டு, ஊரின் மறுகோடியில் இவரே பார்த்துக் கொடுத்த வேறு வீட்டுக்குப் போயிருந்தது. சாவியைத் திரும்ப வாங்கும்போது இவர் குழாய், சுவிட்ச், மின்விசிறி எல்லாம் சோதித்தார். பின்பக்கத்தில் தட்டுமுட்டுச் சாமான் போடுகிற ஒரு சின்ன அறை உண்டு. அங்கே திருகிப் பார்க்கக் குழாயும் இல்லை, தட்டிப் பார்க்கச் சுவிட்சும் இல்லை. அதனால் அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை புதுப் பார்ட்டிக்கு வீட்டைக் காட்டப் போனவர், அவர்கள் கேட்டார்களே என்று அந்தக் கதவைத் திறந்தார். உள்ளே ஒரு பழுப்பு நிற நாய், பெண் நாய், காலியான வாளியின் பக்கத்தில் படுத்திருந்தது. குரைக்கவில்லை, உறுமவில்லை. மெதுவாக எழுந்து வந்து, தள்ளாடியபடி, அவருடைய செருப்பின்மேல் தலையை வைத்தது.

சாவி குழாயில் தண்ணீர் பிடித்து வந்து அதன் முன்னால் வைத்தார். நாலு நாள்! வீடு பூராவும் சுற்றிப் பார்த்த மனுஷன் ஒரு கதவைத் திறந்திருந்தால் தீர்ந்தது.

காலி செய்து போன வீட்டம்மாவுக்குப் போன் போட்டுக் கத்து கத்தென்று கத்தினார். அந்தப் பெண் மறுமுனையில் விக்கி விக்கி அழுதாள்.

"எங்க நாத்தனார் வீட்டுக்காரர் அன்னிக்கே பின்வழியா வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொன்னார்ணா. போயிருப்பார்னே நெனச்சோம். அவரு ஏதோ அவசரம்னு வெளியூர் போயிட்டாராம், எங்களுக்கு யாருமே சொல்லல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"எப்படிண்ணா சொல்றது? நீங்க போட்ட அக்ரிமென்ட்தானே? பதினாலாவது நிபந்தனை, வளர்ப்புப் பிராணிகள் கூடாது. ரெண்டு வருஷமா உங்களுக்குத் தெரியாமத்தான் வச்சிருந்தோம். சத்தம் போடாம இருக்கணும்னு பழக்கி வச்சிருந்தோம். புது வீட்டுலயும் அதே நிபந்தனை. அந்த ஹவுஸ் ஓனர் கண்டார்னா எங்களையே வெளிய தள்ளிடுவார்."

புதுப் பார்ட்டி வெள்ளிக்கிழமை சாமானோடு வருகிறது. அதற்குள் நாயை அப்புறப்படுத்தாவிட்டால் நகராட்சி வண்டிக்குச் சொல்லிவிடுவேன் என்று அந்த வீட்டின் ஓனர் கறாராகச் சொல்லிவிட்டார். வண்டி ஏறின நாய் எதுவும் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. நீங்களே வைத்துக்கொள்ளுங்களேன் என்று யாரும் சாவியிடம் சொல்லிவிட முடியாது. மனுஷனே வாடகை வீட்டில் இருக்கிறவர், அவருடைய அக்ரிமென்ட்டையும் அவரேதான் எழுதினார், அதிலும் பதினாலாவது நிபந்தனை கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை முழுவதும் வீடு வீடாக ஏறி இறங்கினார். எல்லாம் அவர் குடிவைத்த வீடுகள்தான். நாயைப் பார்த்த மாத்திரத்தில் எல்லோருக்கும் பிடித்தது. பிடிக்காமல் என்ன, குழந்தை வாலைப் பிடித்து இழுத்தாலும் திரும்பி அந்தக் கையை நக்குகிற ஜென்மம். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் பீரோவைத் திறந்து அவர் எழுதிய காகிதத்தையே எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். பல் டாக்டரின் மனைவி, "ஆசையாத்தான் இருக்கு, ஆனா நீங்கதானே அண்ணா..." என்று இழுத்தாள். டைப்பிங் வகுப்பு நடத்துகிறவர் சிரித்தே விட்டார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்றால் இதுதான்.

சொந்த வீட்டுக்காரர்களைத் தேடினார். புதன்கிழமை ஒரு பெரிய பங்களாக்காரர் சம்மதித்தார். தோட்டம், நிழல், கேட், தண்ணீர் வசதி என்று புரோக்கர் கண்ணுக்கு ஒரு குறை கிடையாது. விட்டுவிட்டு வந்தவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தார், எழுந்தார். தன் புரோக்கர் கடையைத் திறந்தார், மூடினார். "நாயை விட்டுட்டு வந்தீங்களா, உங்களையே விட்டுட்டு வந்தீங்களா?" என்று மனைவி கேட்டாள். பொழுது சாய்வதற்குள் நாலு தடவை அந்தத் தெருப்பக்கம் போய், மதிலுக்கு மேல் எக்கி எக்கிப் பார்த்தார். எதிர்வீட்டார் திருடனோ என்று சந்தேகப்பட்டதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் பார்த்தபோது நாய் கேட் கம்பியில் கட்டப்பட்டு, கொளுத்துகிற வெயிலில் வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றது.

"காவலுக்குத்தான்யா கேட்டேன்," என்றார் பங்களாக்காரர். "யாரு வந்தாலும் வாலை ஆட்டுது. கட்டிப்போட்டா கோபம் வரும்னு சொன்னாங்க, அதுவும் வரல."

"கோபம் எனக்கு வருது சார்," என்று சாவி கயிற்றை அவிழ்த்துக்கொண்டு நடந்தார்.

நடந்தார் என்றால் எங்கே? அவருக்கே தெரியவில்லை. இருட்டும் வரை அந்த நாயோடு தெருத்தெருவாக அலைந்தார். காலி வீட்டில் அதை விட்டுவர மனம் வராமல் ராத்திரி தன் கடையில் அதன் பக்கத்திலேயே படுத்தார். இவர் புரண்டதுதான் மிச்சம், நாய் நிம்மதியாகத் தூங்கியது.

வெள்ளிக்கிழமை காலையில் சலவைக் கடை வாசலைத் தாண்டும்போது நாய் நின்றது. உள்ளே இஸ்திரி போடுகிற அம்மா சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஒண்டிக்கட்டை, கடைக்குப் பின்னாலேயே ஒரே அறையில் குடியிருப்பவள். நாய் தானாக உள்ளே போய், தரையில் விழுந்து கிடந்த தலையணை உறைமேல் சுருண்டு படுத்துக்கொண்டது. அவள் விரட்டவில்லை. இஸ்திரிப் பெட்டியை மட்டும் எட்டத் தள்ளி வைத்தாள், சூடு பட்டுவிடக் கூடாதே என்று.

"கூட்டிட்டுப் போகாதீங்கண்ணா," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "என்கூட இருக்கட்டும். ஆனா வீட்டுக்காரம்மா விடமாட்டாங்களே. அக்ரிமென்ட்ல போட்டிருக்கே."

"அந்தப் பேச்சை விடும்மா. நான் போய்க் கால்ல விழறேன்."

வீட்டுக்காரம்மா ரிடையரான பள்ளி ஆசிரியை, கண்டிப்புக்குப் பேர்போனவர். சாவி மாடி ஏறிப் போய் நின்று, வாயில்லா ஜீவன், பாவம், நல்ல குணம், சத்தமே போடாது, நானாச்சு பொறுப்பு என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார். அந்த ஒரே ஒரு நிபந்தனையை மட்டும் அடித்துக் கொடுத்தால் போதும் என்றார்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் எப்பய்யா நாய் கூடாதுன்னு சொன்னேன்?"

"அக்ரிமென்ட்ல இருக்கேம்மா."

"நீதானே எழுதிக் கொண்டு வந்தே? எல்லார் வீட்டுலயும் இருக்கவே ஏதோ சட்டம்போலிருக்குன்னு நெனச்சேன். உன்னை அப்படி எழுதச் சொன்னது யாரு?"

சாவி யோசித்துப் பார்த்தார். யாரும் சொல்லவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் யாரோ ஒரு பழைய அக்ரிமென்ட்டைக் கையில் கொடுத்தார்கள். எப்போதோ நாய்க்குப் பயந்த எவரோ எழுதியது. அதில் பெயரையும் விலாசத்தையும் மட்டும் மாற்றி மாற்றி, பதினைந்து வருஷமாக ஊரெல்லாம் ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறார். ஓனர்கள் அதைச் சட்டம் என்று நினைத்தார்கள், குடியிருப்பவர்கள் ஓனரின் உத்தரவு என்று நினைத்தார்கள். இவர் ஒன்றுமே நினைக்கவில்லை.

அந்த அம்மா பேனாவை எடுத்து வரியை அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். சாவிக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. படி இறங்கியதும் இன்னொரு ஓனருக்குப் போன் போட்டார், நாயை விட்டுப்போன குடும்பம் இப்போது இருக்கிற வீட்டின் ஓனருக்கு.

"நாயா? வச்சுக்கட்டுமே, எனக்கென்ன வந்தது?" என்றார் அவர். "எங்க வீட்டுலயே ரெண்டு கிடக்கு."

சாவி சலவைக் கடை வாசலுக்கு வந்தார். உள்ளே நாய் அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. இஸ்திரியம்மா காகிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பேசாமல் போய்விடலாம், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் அவர் தெரு ஓரமாக ஒதுங்கி நின்று அந்தக் குடும்பத்துப் பெண்ணைக் கூப்பிட்டார். நாய்க்கு இடம் கிடைத்ததைச் சொன்னார். அவள் நன்றி சொல்லி முடிப்பதற்குள் மற்றதையும் சொல்லிவிட்டார்.

"உங்க ஹவுஸ் ஓனர் சொல்லலம்மா. எந்த ஓனரும் சொல்லல. நானாத்தான் எழுதினேன்."

"அப்போ... அது எங்ககூடவே இருந்திருக்கலாமாண்ணா?"

"இருந்திருக்கலாம்மா. இப்பவே கூட்டிட்டு வரட்டுமா? அரை மணி நேரத்துல வந்துடறேன்."

"என்ன பண்ணுது அது?"

"தூங்குது."

"யார் வீட்டுல?"

"சலவைக் கடைல இஸ்திரி போடற அம்மா. நல்லவங்க."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்:

"நாலு நாள் எங்களுக்காகக் காத்துக் கெடந்திருக்கும். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் அது முன்னாடி வந்து நிப்பேன்? வேணாம்ணா. இனிமேயாச்சும் அதை இடம் மாத்தாதீங்க."

போனை வைத்துவிட்டாள். சாவி பட்டப்பகலில், போகிறவர் வருகிறவர் பார்க்க, முகத்தைக்கூட மூடிக்கொள்ளாமல் அழுதார். இஸ்திரியம்மா வாசலுக்கு ஓடி வந்தாள்.

"என்னண்ணா? நாயைத் திருப்பிக் கேக்கறாங்களா?"

"இல்லம்மா," என்றார் அவர். "கேக்கல."