மெழுகில் பிடித்த சங்கீதம்

மலாயாவில், பாலோவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் டைப் அடிக்கிற கிராணி, நம் ஊர்ப் பேச்சில் குமாஸ்தா. பேர் அர்ச்சுனன். வில் பிடிப்பான் என்று நினைத்து அப்பா வைத்தாரோ என்னவோ, நான் பிடித்தது காகிதமும் கார்பனும்தான்.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் என் சங்கீதம் புரியாது. எங்கள் துரை கடிதம் எழுதுவதில்லை, பேசுவார். அதற்கென்று சீமையிலிருந்து ஒரு மெஷின் வரவழைத்திருந்தார். சாவி கொடுத்தால் அதில் ஒரு மெழுகு உருளை சுற்றும். குழாயில் வாயை வைத்துப் பேசினால் மெழுகில் கீறல் விழும். பிறகு நான் இரண்டு ரப்பர் குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு, டாக்டர் நெஞ்சைக் கேட்கிற மாதிரி அவர் குரலைக் கேட்டு டைப் அடிக்க வேண்டும். காகிதத்தைப் பார்க்க நேரம் இருக்காது. வரி முடியப் போகும்போது டைப் மெஷினில் 'டிங்' என்று ஒரு மணி அடிக்கும். இடது கையால் ஒரு தள்ளு, அடுத்த வரி. ஐந்து வருஷமாக இதுதான். உருளை நிறைந்ததும் மேல்தோலைக் கத்தியால் சீவினால் திரும்பவும் புதுசாகிவிடும். சீவுகிறவனும் நான்தான்.

துரைசாணி சீமைக்குப் போனபோது பங்களாவில் பியானோவை விட்டுவிட்டுப் போனார். துரை என்னைக் கூப்பிட்டுத் தன் தோட்டத்துத் தமிழில் சொன்னார்:

"கிராணி, சனிக்கிழமை சனிக்கிழமை நீ வா. எல்லாக் கட்டையும் ஒரு தட்டு. பூச்சி உள்ளே வீடு கட்டக் கூடாது."

சிலருக்கு சரஸ்வதி கடாட்சம். எனக்குக் கரையான். முதல் சனிக்கிழமை ஒவ்வொரு கட்டையாகத் தட்டினேன். மூன்றாவது சனிக்கிழமை பத்து விரலும் தானாக ஓட ஆரம்பித்தது. டைப் அடித்துப் பழகிய விரல், சும்மா இருக்குமா? அந்தப் பியானோவில் நாலு கட்டை ஊமை. அவற்றைத் தாண்டித் தாண்டி வாசித்ததில் ஒரு புது ராகமே பிறந்துவிட்டது என்று நினைத்தேன். அதை இல்லை என்று சொல்ல ஆள் இல்லாததால் அந்த நினைப்பு குறையவே இல்லை. ஒரு தடவை வாசித்ததை மறு தடவை வாசிக்க மாட்டேன். மனசில் வருவதை அப்படியே விடுவேன். ஒவ்வொரு அடி முடியும்போதும் மேலே ஒரு கட்டையை மெல்லத் தட்டுவேன். அது என் முத்திரை என்று வைத்திருந்தேன்.

மன்னார்குடிப் பக்கத்தில் என் மனைவி கிருஷ்ணம்மா இருந்தாள். கல்யாணம் ஆகி இரண்டு வருஷம் கூட இருந்தேன். கப்பல் ஏறி ஐந்து வருஷம். கூட்டிக்கொண்டு வர இடம் கிடையாது. கிராணிமார் ரூமில் மூன்று பேர், மூன்று கட்டில், ஒரு ஜன்னல். மாசம் ஒரு கடிதம் போடுவேன். அதில் பாதி பியானோவைப் பற்றி. பாவம், அவள் அண்ணன்தான் அதைப் படித்துக் காட்ட வேண்டும்.

இந்த நிலையில்தான் ஜோகூர் பாருவில் நாச்சியப்பச் செட்டியார் அகப்பட்டார். அங்கே பயாஸ்கோப் கொட்டகை வைத்திருந்தார். பேசாத படம் ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பியானோ வாசிக்க அவருக்கு ஓர் ஆள் வேண்டும். பழைய ஆள் சிங்கப்பூருக்குப் போய்விட்டான். துரையோடு போயிருந்தபோது நானே வலியப் போய்க் கேட்டேன்.

"அழுகைக்கு ஒண்ணு, சண்டைக்கு ஒண்ணு, காதலுக்கு ஒண்ணு. மூணும் வேற வேறயா இருக்கணும்ங்கிறேன். வருமா தம்பி?"

"வருமாவா? ஒருக்கா வாசிச்சத மறுக்கா வாசிக்கவே மாட்டேன் செட்டியாரே."

"அப்பச் சரி. கொட்டகைக்கு மேல ஒரு ரூம்பு சும்மாத்தான் கெடக்கு. சம்சாரத்தக் கூட்டியாந்து வச்சுக்கங்க. ஆனா வாசிப்பக் கேக்காம முடிவு சொல்ல மாட்டேன். பியானோ இப்ப சிங்கப்பூர்ல ரிப்பேர்ல இருக்கு. அடுத்த மாசம் பாப்பம்."

எனக்கு அடுத்த மாசம் வரை பொறுக்கவில்லை. கம்பெனியின் மற்றத் தோட்டங்களையும் மேற்பார்க்கிற பொறுப்பு எங்கள் துரைக்கு உண்டு. மறு வாரம் ஸ்கூடாய், மாசாய், அப்புறம் ஜோகூர் பாரு என்று பயணம். பேச்சு மெஷினும் வரும், அதை மடியில் வைத்துக்கொண்டு நானும் வருவேன். போகிற பங்களாவில் எல்லாம் ஒரு பியானோ. காலையில் துரைமார் மரம் பார்க்கப் போனால் பதினோரு மணி வரை திரும்ப மாட்டார்கள். மூன்று பியானோ, மூன்று உருளை, மூன்று உணர்ச்சி. செட்டியார் காதில் குழாயை மாட்டிவிட்டால் தீர்ந்தது. கிருஷ்ணம்மாவுக்கு, "மூட்டை கட்டு, ரூம் கிடைத்துவிட்டது" என்று ஒரு கடிதம் எழுதி ஸ்டாம்பு ஒட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

புறப்படுகிற காலையில் பாலோவிலேயே அழுகையை முடித்தேன். பேசுகிற குழாயைத் துண்டால் பியானோவோடு சேர்த்துக் கட்டிவிட்டு, கண்ணை மூடி, ஐந்து வருஷத்தையும் நினைத்துக்கொண்டு வாசித்தேன். துண்டு பியானோவில் இருந்ததால் கண்ணைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

ஸ்கூடாயில் சண்டை. அங்கே சமையல்காரர் ஐயாசாமி பியானோவின் வயிற்றுக்குள் ஒரு சின்ன மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி வைத்திருந்தார்.

"எதுக்குங்க இது, சாமி கும்பிடவா?"

"ஈரங்க. மழ பெஞ்சா கட்ட ஊதிக்கும். அமுக்குனா எந்திரிக்காது, பாத்துக்கங்க."

உண்மைதான். அமுக்கிய கட்டை அப்படியே படுத்துக்கொண்டது. வலது கை அடிக்க, இடது கை கட்டையைக் கிளப்பிவிட, நிஜமாகவே சண்டைதான் நடந்தது. இதைவிடப் பொருத்தமான பியானோ சண்டைக்குக் கிடைக்காது என்று சந்தோஷப்பட்டேன்.

மாசாயில் காதல். அங்கே பியானோ புதுசு, எல்லாக் கட்டைக்கும் உயிர் இருந்தது. பங்களாவைப் பெருக்குகிற ராசம்மா துடைப்பத்தோடு நின்று முழுசும் கேட்டாள். நான் முடித்ததும் கேட்டாள்:

"லெட்டரு யாருக்குங்க?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. எழுத்துத் தெரியாதவள், சங்கீதத்தில் இருந்த கடிதத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"என் சம்சாரத்துக்கும்மா," என்றேன்.

"அலமாக்! இம்மாம் நீளமாவா?" என்று சொல்லிவிட்டுப் பெருக்கப் போய்விட்டாள்.

உருளைகளை நான் போட்டுக் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் ஊசி மெழுகைத் தேய்க்கும், முதல் தேய்ப்பு செட்டியாருக்கே இருக்கட்டும் என்று விட்டேன். பயமும் கொஞ்சம் இருந்தது. அதை அன்றைக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

ஜோகூர் பாருவில் மத்தியானம் துரை கிளப்புக்குப் போனதும் மெஷினைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன். செட்டியாரின் ஆபீஸ் அறையில் அவருடைய டைப்பிஸ்ட் ஜெயபாலன் நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்தான். செட்டியார் ஒரு காதில் ஒரு குழாயை வைத்துக்கொண்டு, இன்னொன்றை எனக்கு நீட்டினார்.

அழுகை ஓடியது. செட்டியார் முகத்தில் அசைவில்லை. சண்டை ஓடியது. காதல் ஓடியது.

"தம்பி, எத மாத்தினீங்க?"

"மூணுமே வேற செட்டியாரே. பியானோவே வேற வேற ஊரு."

"பியானோ வேறதான். ஒண்ணுல பல்லு இல்ல, ஒண்ணுக்குச் சளி. அது எனக்கும் கேக்குது. பாட்டு ஒண்ணாவுல்ல இருக்கு? ஏ, ஜெயபாலா, நிறுத்திட்டு இங்க வந்து இதக் கேளு."

ஜெயபாலன் வந்து என் குழாயை வாங்கிக் காதில் வைத்தான். கால் நிமிஷம்கூட ஆகவில்லை. அவன் இடது கை தன்பாட்டில் எழும்பி, காற்றில் எதையோ பக்கவாட்டில் தள்ளியது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தள்ளியது. பிறகு அவனே தன் கையைப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இது நம்ம டைப் மெஷின் அண்ணே! தடதடதடன்னு ஓடி, டிங். தடதடதடன்னு ஓடி, டிங். ஒரு வரி கூடல, ஒரு வரி கொறயல. மார்ஜின்கூட சரியா விட்டிருக்கீங்க!"

குழாயைப் பிடுங்கி மூன்றையும் திரும்பப் போட்டுக் கேட்டேன். மன்னார்குடியை நினைத்து நான் அழுத இடத்தில் 'டிங்'. வில்லனை அடித்த இடத்தில் 'டிங்'. என் முத்திரை! ராசம்மா கேட்டதில் கவித்துவம் ஒன்றும் இல்லை. தோட்டத்து ஆபீஸ் ஜன்னலில் தினமும் கேட்கிற சத்தம் பங்களாவுக்குள் கேட்கிறதே, யாருக்குக் கடிதம் அடிக்கிறான் என்று கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

செட்டியார் நல்ல மனுஷர். சிரிப்பை மீசைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

"கதாநாயகி அங்க அழுறா. இங்க யாரோ பெட்டிசன் அடிக்கிற மாதிரி இருந்தா சனம் ஒத்துக்குமா, சொல்லுங்க. வெரலு நல்லா ஓடுது தம்பி. ஆனா அது ஓடுற ரோடு வேறங்கிறேன்."

தபால் பெட்டியைத் தாண்டித்தான் திரும்பினேன். கடிதம் பையிலேயே இருந்தது.

அன்று சாயங்காலமே துரை, "சுத்தமான உருளை கொண்டா," என்றார். லண்டனுக்குப் பெரிய ரிப்போர்ட் பேச வேண்டுமாம். எடுத்து வந்தது எல்லாம் தீர்ந்திருந்தது. என் மூன்றுதான் மிச்சம். கத்தியை எடுத்துச் சீவினேன். அழுகையையும் சண்டையையும் நன்றாகவே சீவினேன். காதலைச் சீவும்போது கை கொஞ்சம் ஏமாற்றிவிட்டது. ஆழமாகப் போ என்று நான் சொல்லவில்லை, கத்தியும் போகவில்லை.

பாலோவுக்கு வந்து குழாயைக் காதில் மாட்டி ரிப்போர்ட்டை அடித்தேன். துரையின் குரல் ரப்பர் பால், வடிகால், களை என்று போய்க்கொண்டிருந்தது. அதற்கு அடியில், ரொம்பத் தூரத்தில், ஒரு 'டிங்'. பழகின கை தள்ளிவிட்டது. பார்த்தால் வரி பாதியில் நிற்கிறது. காகிதத்தை மாற்றினேன். மறுபடியும் அதே இடத்தில் தள்ளியது. மூன்றாவது தடவை கையை எச்சரித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். கை கேட்கவில்லை. சில வரி நீளம், சில வரி குட்டை என்று, லண்டன் ரிப்போர்ட் பார்க்கப் பாட்டுப் புஸ்தகம் மாதிரி இருந்தது.

துரை அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கிராணி, அஞ்சு வருஷம் நீ நல்லா அடிச்சே. இப்போ லைன் பாதியிலே ஓடிப் போகுது. உனக்கு என்னா கஷ்டம்? காய்ச்சலா?"

உண்மையைச் சொன்னால் மெஷினைத் திருட்டுத்தனமாக எடுத்தது வெளியே வரும். பொய் எதுவும் சமயத்தில் வரவில்லை. வாய்க்கு வந்தது இதுதான்:

"சம்சாரத்தக் கூட்டியாரணும் துரை. ரூம்பு இல்லீங்க."

"ரூம்பா? மருந்து குடுக்கிற டிரெஸ்ஸர் இருந்த வீடு காலிதானே, ஒரு வருஷமா. நீ கேக்கலியே?"

கேட்கவில்லை. நினைத்துப் பார்த்தால், ஐந்து வருஷத்தில் ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. கொட்டகை வாசலில் போய்ச் சங்கீதத்துக்கு ரூம் கேட்கத் தெரிந்தவனுக்கு, தினமும் எதிரே உட்காருகிற மனுஷரிடம் டைப்புக்கு ரூம் கேட்கத் தோன்றவில்லை. வித்வான் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் கிராணி வீட்டுக்கு எப்படி மனுப் போடுவான்?

"இன்னிக்கே எடுத்துக்கோ," என்றார் துரை. "ரிப்போர்ட் திரும்ப அடி. முழு லைன்!"

காதலை இந்தத் தடவை ஆழமாகச் சீவினேன். ஆனால் அதற்கு முன்பே துரை பேசியதைக் கையால் எழுதி வைத்துக்கொண்டேன், அதற்கு ஒரு முழு நாள் ஆனது. சீவின மெழுகுத் தூளை ஊதி எறிந்தேன். பையிலிருந்த கடிதத்தை, ஒரு எழுத்தும் மாற்றாமல், அப்படியே தபாலில் போட்டேன்.

கிருஷ்ணம்மாவிடமிருந்து அண்ணன் கையெழுத்தில் பதில் வந்தது. மாசிக்கப்பலில் வருகிறாளாம். ஊறுகாய் என்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டிருந்தாள். கீழே இன்னொரு வரி: "அந்த ரூமில் பியானோ கிடையாதே?"

கிடையாது என்று எழுதினேன். ஆபீஸ் டைப் மெஷினைச் சாயங்காலத்தில் வீட்டுக்குக் கொண்டுபோகத் துரையிடம் அனுமதி வாங்கியிருப்பதை எழுதவில்லை.